குருந்தக்கல்லும் கடைச்சலுளியும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் தச்சரை ஓடாவி என்றழைப்பது பழைய வழக்கு. மரக்கலம் கட்டுவோரையும் குறிக்கும் இச்சொல் கடலோர மக்களின் வாயில் நிலைத்ததில் வியப்பில்லை. கட்டிற்கால், கதிரைக்கால், தொட்டிற்சட்டத்தின் குமிழ் முதலியன சுழலும் மரத்தில் உளியைப் பிடித்துக் கடைந்தெடுக்கப்படுவன. மருதமுனையைப் போன்ற நெசவூர்களின் கைத்தறிக்கு வேண்டிய மர நூற்குழல்களும் கடைச்சற் பொருள்களே. மரம் முதிரையாயின் உளியின் வாய் விரைவில் மழுங்கும். மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, நாரைக் கிழிக்கும், சில வேளை கையைவிட்டுத் துள்ளிக் காயமும் செய்யும். ஆகவே, கடைச்சற்காரரின் திறமையிற் பாதி சாணைக்கல்லில் இருக்கின்றது. அக்கல்லின் வரலாற்றிலே தமிழ்மொழிக்கும் ஓர் இடமுண்டு.

தென்னிந்தியாவிற் சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் தோண்டியெடுக்கப்பட்ட கடுங்கல் குருந்தம் எனப்பட்டது. கனிமங்களின் கடின வரிசையில் வைரத்துக்கு 10 என்றால் குருந்தத்துக்கு 9. இரத்தினபுரி மண்ணில் அகப்படும் நீலக்கல்லும் இதே பொருள்தான். நிறமும் ஒளியும் வாய்த்தால் மோதிரத்துக்கு, வாய்க்காவிடிற் சாணைக்கு. முன்னாட் கைவினைஞர் இக்கல்லை இடித்துத் தூளாக்கி, உருகிய அரக்கோடு பிசைந்து வட்டமாக்கினர். கயிறு சுற்றி முன்னும் பின்னுமாகச் சுழற்றி ஆயுதங்களைத் தீட்டினர். கடைந்த மரத்துக்கு நிறமூட்டிய அரக்கே அதனைக் கடைந்த உளியைத் தீட்டவும் உதவியது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் இக்கல்லைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் நிலைபெற்ற ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் குருந்தத்தின் திரிபாகும்.

1891இல் அமெரிக்காவில் எட்வட் அச்செசன் என்பார் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தாற் காய்ச்சியபோது மின்னும் படிகங்கள் தோன்றின. கரியும் குருந்தமும் கூடியவை அவை என்றெண்ணிக் ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். உண்மையில் அவை கரியும் சிலிக்கனும் கூடியவை. எண்ணம் பிழைத்தது, பெயர் நிலைத்தது. 1954இல் சென்னையில் தோன்றிய சாணைக்கல் நிறுவனமும் அப்பெயரையே தாங்கியது.

கல் மாறிய காலத்தில் உருக்கும் மாறியது. டெயிலர், வைட் என்னும் இருவர் ஆக்கிய உயர்வேக உருக்கு 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் உலகோர் கண்ணிற் பட்டது. இங்கேதான் பழைய கைப்பழக்கம் தொழிலாளியை ஏமாற்றுகின்றது. பழைய கரியுருக்கு உளி சாணையிற் சூடேறி ஏறத்தாழ 300 பாகை செல்சியசை அடையும்போது நீலம் பாரிக்கும். நீலம் கண்ட இடத்திற் பதம் போயிற்று. அவ்விடத்தைத் தேய்த்தே தீர வேண்டும். எனவே அதனை அடிக்கடி நீரில் தோய்ப்பது அறிவுடைமை. உயர்வேக உருக்கோ நீலம் பாரித்தாலும் பதம் இழக்காது. ஆனால், சூட்டோடு நீரில் தோய்த்தால் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். ஒன்றைக் காக்கும் நீர் மற்றொன்றைக் கெடுக்கின்றது.

கல்லைத் தெரிவதிலும் இத்தகைய முரண் உண்டு. வன்மையான உருக்குக்கு மென்மையாகப் பிணைத்த கல்லே ஏற்றது. மழுங்கிய மணிகள் உதிர்ந்தாற்றான் கீழுள்ள கூரிய மணிகள் வெளிப்படும். உதிராத கல் கண்ணாடிபோல் மினுங்கி, உளியை வெட்டாமல் வேகவைக்கும். மலிவான சாணைப்பொறியோடு பெரும்பாலும் வரும் சாம்பல்நிறக் கல் இரும்பு வேலைக்கு ஆனது. கடைச்சலுளிக்கு வெள்ளை அலுமினிய ஒட்சைட்டுக் கல், 80ஆம் இலக்க அளவில் ஒன்றிருந்தாற் போதும். பச்சைநிறக் கல் கார்பைட்டு முனைகளுக்கு உரியது. நிமிடத்துக்கு 2,800 முறை சுழலும் பொறியிலும் 1,400 முறை சுழல்வதே நன்று. விலை கூடினும், அது மிச்சப்படுத்தும் உருக்கை எண்ணினால் நட்டமில்லை.

புதிய கல்லைப் பொருத்துமுன் அதன் நடுத்துளையில் விரலிட்டுத் தொங்கவிட்டு, உளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல கல் கணீரென ஒலிக்கும். ஒலி மந்தமாயின் உள்ளே வெடிப்புண்டு. அதனை ஒதுக்கிவிட வேண்டும். நன்றாக ஒலித்த கல்லைப் பொருத்திய பின்னரும், முதல் ஒரு நிமிடம் பொறியை வெறுமனே ஓடவிட்டு, அதன் நேரே நில்லாது பக்கத்தில் விலகி நிற்பது முறை.