கொம்பறையும் உரலும் கிடாரமும்

ஆங்கிலத்திலே கடையில் விற்பதற்கும் இலையில் இடுவதற்கும் ஒரே சொல் போதியதாயிருக்கின்றது. உமியோடு கூடிய தானியத்தை வேறாகக் குறிக்கவேண்டி நேர்ந்தபோது அம்மொழியார் மலாய் மொழியினின்றும் ஒரு சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டனர். தமிழிலோ நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. அரிசியுள்ளும் பச்சை வேறு, புழுங்கல் வேறு. குற்றியபின் எஞ்சுவனவும் உமி, தவிடு, குறுணல், நொய் எனத் தனித்தனிப் பெயர் பெற்றன. இப்பெயர்களை வைத்தவர்கள் புலவர்கள் அல்லர். சுளகு பிடித்த கையினரே என்று கொள்ளுதல் தவறாகாது. அரசர்களின் போர்களை ஆண்டு தவறாது ஒப்புவிக்கும் நாம், இச்சொற்களுக்குப் பின்னாலிருக்கும் வீட்டுத் தொழிலின் வரலாற்றைக் கேட்டறிய முயன்றதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை நம்பியே நெல் விதைக்கப்படும். தை, மாசி மாதங்களில் அறுவடையாகும். ஆண்டுக்கு ஒரு போகம். ஆகவே மாசியிற் களத்திற் குவிந்த நெல், மறு தை வரையும் ஒரு குடும்பத்தை உண்பிக்கவும் அடுத்த விதைப்புக்கு விதையாகவும் வேண்டியிருந்தது. சேமிப்பு இங்கே செல்வத்தின் அடையாளமன்று, உயிர்வாழ்வின் நிபந்தனை.

அதற்கென அமைந்ததே கொம்பறை. தரையின் ஈரம் ஏறாவண்ணம் உயரத்தில் நிறுத்தி, கம்புகளாற் பின்னி, களிமண்ணும் சாணமும் குழைத்து உள்ளும் புறமும் மெழுகி, மேலே ஓலை வேய்வர். பண்டைத் தமிழகத்திலும் இதற்கு ஒத்தவை இருந்தன. ஏணிக்கும் எட்டாத உயரமுள்ள நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகின்றது. பழனி அருகே பொருந்தல் என்னுமிடத்தில் ஈமக்குழி ஒன்றினின்றும் எடுத்த நாற்கால் சாடியில் ஏறக்குறைய 2 கிலோகிராம் நெல் இருந்தது. அது கி.மு. 5 ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கரிமக் கணிப்பு காட்டியது. இறந்தோர்க்கு வைத்ததும் அரிசியன்று, நெல்லே என்பது கருதத்தக்கது.

நெல்லாகவே வைத்தல் என்பதிலேதான் சேமிப்பின் சூட்சுமம் முழுவதும் அடங்கியுள்ளது. 100 இறாத்தல் நெல்லில் ஏறக்குறைய 20 இறாத்தல் உமி. உண்ண முடியாத இவ்வுமியே வண்டுக்கும் அந்துக்கும் எதிரான முதல் மதில். உமி நீங்கியதும் வெளிப்படுவது தவிடு. அதில் எண்ணெய் உண்டு. காற்றுப்பட்டுச் சில மாதங்களில் அது சிக்கு நாற்றம் பெறும். எனவே தவிட்டோடு கூடிய அரிசி நெடுங்காலம் நில்லாது. நெல்லும் நன்றாகக் காய்ந்திருத்தல் வேண்டும்; 100 பங்கில் 14 பங்குக்கு மேல் ஈரம் இருப்பின் பூஞ்சணம் பிடிக்கும் என இன்று கருவி கொண்டு அளக்கின்றனர். எங்கள் பாட்டியார் ஒரு நெல்லைப் பல்லிடையே வைத்துக் கடிப்பார். ‘நறுக்’கென முறிந்தாற் கொம்பறைக்கு, நசிந்தால் மீண்டும் வெயிலுக்கு. இடையிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவார். பின்னர் வாரத்துக்கு வேண்டிய நெல்லை மட்டும் எடுத்து அரிசியாக்குவார்.

அவ்வாறு எடுத்த நெல் நேரே உரலுக்குப் போவதில்லை. பொங்கலுக்கும் மாவுக்கும் வேண்டிய பச்சையரிசி தவிர, நாட்சோற்றுக்கான நெல்லை இரவு முழுவதும் ஊறவைத்து, கிடாரத்தில் உமி வெடிக்கும்வரை அவித்து, பாயிற் பரப்பி உலர்த்துவர். அதன் பின்னரே உரலும் உலக்கையும். குற்றுதல், புடைத்தல், மீண்டும் குற்றித் தீட்டுதல் என்று இவ்வேலை நீளும். இவையாவும் பெண்களின் வேலை. வள்ளை என்னும் உலக்கைப்பாட்டைச் சிலப்பதிகாரம் வரையிலே காண்கின்றோம். அதன் இனிமையை வியந்தவர் பலர். பாட்டின்றிச் செய்ய இயலாத அளவு கடுமையான வேலை அது என்பதை எண்ணியவர் சிலர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரங்கூன், பாங்கொக், சைகோன் ஆகிய துறைகளில் நீராவி ஆலைகள் எழுந்தன. அவை உமியோடு தவிட்டையும் முற்றாக நீக்கி அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டின. எண்ணெய் நீங்கிய அவ்வரிசி மூடையிலும் கப்பலிலும் பல மாதம் கெடாது கிடந்தது. வணிகனுக்கு இதனினும் வேறென்ன வேண்டும்? வீட்டார் நெல்லைக் காத்து அரிசியை உடனுக்குடன் ஆக்கினர். ஆலையார் அரிசியையே காக்கும் வழி கண்டனர். இம்மாற்றத்தின் விலை விரைவில் தெரியலாயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு அடைத்து மாளும் பெரிபெரி என்னும் நோய் வெள்ளையரிசி உண்ட சிறைகளிலும் படைகளிலும் சுரங்கங்களிலும் பரவியது. இப்பெயரே ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லினின்று பிறந்தது என அகராதிகள் கூறும்.

யாவாவிலே, பத்தேவியா நகரில் ஆய்ந்த ஒல்லாந்த வைத்தியர் ஐக்மன், ஆசுப்பத்திரியில் எஞ்சிய வெள்ளைச் சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுவதையும் கண்டார். வோர்டர்மன் என்பார் அத்தீவின் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து, தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலேயே நோய் மிகுதி என 1897 இல் வெளியிட்டார்.

ஆயினும் நமக்கு நெருங்கிய சான்று மலாயாவினது. அந்நாளிற் சீனத் தொழிலாளர் சீயத்து வெள்ளையரிசியை உண்டு சுரங்கங்களில் மடிந்துகொண்டிருக்க, அவர்களுக்கு அருகே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரிதும் தீண்டவில்லை. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிரடன் இவ்வேற்றுமையை வற்புறுத்தி 1907 இல் ஒரு நூல் எழுதினார். பிளெச்சர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியிலே ஒரு பகுதியினர்க்குப் புழுங்கலும் மறுபகுதியினர்க்கு வெள்ளையும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை உண்டோரிடையே நோயும் மரணமும் தோன்றின. பின்னர் பிறேசர், ஸ்ராண்டன் ஆகிய இருவரும் காட்டில் வேலைசெய்த 300 யாவாத் தொழிலாளரை இரு கூறாக்கி அதனையே மேலும் கண்டிப்பாகச் சோதித்தனர். நோய் இடத்தைத் தொடரவில்லை; வெள்ளையரிசியையே தொடர்ந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயிருந்தனர். அவர்கள் ஊரிலிருந்து உடன்கொண்டு சென்ற சோற்றுப் பழக்கம் மருத்துவ வரலாற்றின் ஓர் அத்தியாயத்துக்கு அயலிலே இருந்தது என்பதை அறிந்திருப்பார்களோ என்னவோ.

இங்கே ஒரு திருத்தம் கூறவேண்டும். ‘உரற்குத்தரிசி உண்ட முன்னோர் நோயின்றி வாழ்ந்தனர்’ எனப் பேசுவது நம்மவர் வழக்கு. உலக்கையால் நன்கு தீட்டினால் அதுவும் தவிட்டைப் போக்கிவிடும். தமிழரைக் காத்த சிறப்பிற் பெரும்பங்கு உரலுக்கன்று, கிடாரத்துக்கே உரியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள நீரிற் கரையும் சத்துக்கள் அரிசியின் உள்ளே ஊடுருவி நிலைபெறுகின்றன. பின்னர் தவிடு போயினும் அவற்றிற் பெரும்பகுதி போவதில்லை. அச்சத்தை யான்சனும் டொனாத்தும் 1926 இற் பிரித்தெடுத்தனர். நெல்லூரிற் பிறந்த அமெரிக்கரான றொபேட் வில்லியம்ஸ் 1936 இல் அதனைச் செயற்கையாக ஆக்கினார். இன்று அது விற்றமின் பி1 எனப்படும்.

இதனைக் கொண்டு நம் பாட்டிமார் விற்றமினை அறிந்திருந்தனர் எனப் பெருமை கொள்ளுதல் கூடாது. அவித்த நெல்லின் உமி எளிதிற் கழலும், அரிசி நொறுங்காது, சோறு மறுநாட் பழஞ்சோற்றுக்கும் தாங்கும். அவர்கள் அவித்தது இவற்றுக்காகவே. அறிஞரும் முதலிற் பிழைபடவே உணர்ந்தனர். ஐக்மன் அரிசி மாப்பொருளில் நஞ்சு உண்டென்றார்; பிரடன் பழைய அரிசியிற் பூத்த பூஞ்சணமே நஞ்சென்றார். காரணம் தவறாயிருந்தும் கண்ட உண்மை சரியாயிருந்தது.

ஊருக்கு ஊர் நெல் குற்றும் ஆலை வந்தபோது பெண்கள் அதனை வரவேற்றனர். அதனைப் பண்பாட்டு வீழ்ச்சி என்று எழுதும் ஆடவர், ஒரு நாளேனும் உலக்கை பிடித்துப் பார்த்தல் நன்று. எங்கள் பாட்டியாரின் வலக்கை நடுவிரல் முதுமையில் நிமிரவில்லை. ஆனால் ஆலையோடு வேறொன்றும் வந்தது. கடையிலே எந்நாளும் அரிசி கிடைக்குமென்றபின் கொம்பறை எதற்கு? களத்திலேயே நெல்லை விற்று அரிசியை வாங்கும் வழக்கம் பெருகிற்று. 1942 இற் பர்மா யப்பானியர் கைப்பட்டு இறக்குமதி அரிசி நின்றபோது இலங்கையிற் பங்கீடு வந்தது. கொம்பறை வைத்திருந்த வீடும் வையாத வீடும் அவ்வாண்டில் ஒருவாறு இருக்கவில்லை என முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

1990 க்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் அற்று, எரிபொருள் அருகியபோது, மாட்டுக்குத் தவிடு கரைக்கும் தொட்டியாகக் கிடந்த எங்கள் உரல் மீண்டும் முற்றத்துக்கு வந்தது. உலக்கையை இரு கையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும் முறை தாயாருக்கு நினைவிருந்தது, தங்கைக்குத் தெரியாது. நெல் கட்டிலின் கீழே இரண்டு சாக்குகளில் இருந்தது. கொம்பறையைப் பிரித்து அதன் கம்புகளை வேலிக்கு இட்டு அப்போது 20 ஆண்டுகள் சென்றிருந்தன.