இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்

இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் (1946) ஃபிராங்க் காப்ரா இயக்கிய அமெரிக்கக் கறுப்பு வெள்ளைத் திரைப்படம். ஜேம்ஸ் ஸ்டூவர்ட், டோனா ரீட், லயனல் பாரிமோர், ஹென்றி டிராவர்ஸ் ஆகியோர் நடித்தனர். கிறிஸ்துமஸ் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் ஆண்டுதோறும் மீண்டும் பார்க்கும் படங்களில் முதன்மையானது. வெளியானபோது நஷ்டமடைந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் தொலைக்காட்சி வழியாகப் பண்டிகைப் படமாக ஆனது.

மூலக்கதை

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய நூல்களால் அறியப்பட்ட எழுத்தாளர் ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் 'தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்' என்னும் சிறுகதையை எழுதினார். அதை வெளியிட எவரும் முன்வரவில்லை. 1943 டிசம்பரில் அவரே 200 பிரதிகள் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் பதிலாக நண்பர்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று ஹாலிவுட்டை எட்டியது. 1944-ல் ஆர்.கே.ஓ. நிறுவனம் கேரி கிராண்டை மனதில் வைத்து 10,000 டாலருக்குக் கதையின் உரிமையை வாங்கியது. டால்டன் டிரம்போ, கிளிஃபோர்ட் ஒடெட்ஸ் உள்ளிட்டோர் எழுதிய திரைக்கதை வடிவங்கள் எவையும் சரிவரவில்லை.

போர்க்காலத்தில் ராணுவத்துக்காக 'வை வி ஃபைட்' ஆவணப்பட வரிசையை எடுத்த காப்ரா, 1945-ல் லிபர்ட்டி ஃபிலிம்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். ஆர்.கே.ஓ. கொடுத்த அதே விலைக்குக் கதையை அவர் வாங்கிக்கொண்டார். ஃபிரான்சிஸ் குட்ரிச், ஆல்பர்ட் ஹாக்கெட் தம்பதியும் காப்ராவும் திரைக்கதையை எழுதினர். குண்டுவீச்சு விமானியாகப் போரிலிருந்து திரும்பியிருந்த ஸ்டூவர்ட்டுக்குப் போருக்குப் பிந்தைய முதல் படம் இது.

கதை

பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் கொடுக்கும் சிறு நிறுவனத்தை நடத்துபவன் ஜார்ஜ் பெய்லி. உலகம் சுற்றும் கனவு இருந்தும் ஒவ்வொரு முறையும் யாருக்காகவோ ஊரிலேயே தங்கிவிடுகிறான். வங்கி நெருக்கடியின்போது முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு முண்டியடிக்கையில், தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை எடுத்து விநியோகிக்கிறான். அன்று மாலை கடை மூடும்போது கையிருப்பு இரண்டே டாலர். படத்தின் சிறந்த காட்சி இதுவே எனலாம். கூட்டத்தின் பயத்தை ஜார்ஜ் ஒரே பேச்சில் தணித்துவிடுவதில்லை. ஒவ்வொருவரிடமும் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக் கேட்டு மெல்லத்தான் தணிக்கிறான்.

பின்னர் 1945 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நிறுவனத்தின் 8,000 டாலர் காணாமல் போகிறது. அது ஊரின் பெரும் பணக்காரர் பாட்டரின் கையில் சிக்கிவிட்டதை ஜார்ஜ் அறியவில்லை. பாலத்திலிருந்து குதித்துச் சாகத் துணிகிறான். கிளாரன்ஸ் என்ற தேவதூதர், அவன் பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார். 1919 முதல் நீளும் இக்கதையில் பண்டிகைக்குரியது கடைசிப் பகுதி மட்டுமே. பணத்தைப் பதுக்கிய பாட்டர் தண்டிக்கப்படுவதும் இல்லை; குற்றவாளி தப்பக்கூடாது என்ற தணிக்கை நெறி கோலோச்சிய காலத்தில் இது அரிது.

படப்பிடிப்பு

1946 ஏப்ரல் முதல் ஜூலை வரை, கலிஃபோர்னியாவின் கோடையில் படப்பிடிப்பு நடந்தது. என்சினோ பண்ணையில் கடைகள், மரங்களுடன் ஊரின் பிரதான வீதி முழுமையாக அமைக்கப்பட்டது. அதுவரை சினிமாவில் பனி என்பது பெரும்பாலும் வெள்ளைச் சாயமிட்ட கார்ன்ஃபிளேக்ஸ். மிதித்தால் அது நொறுங்கும் ஓசையில் நடிகர் பேசுவது கேட்காது; வசனத்தைப் பின்னர் தனியாகப் பதிய வேண்டும். காப்ரா நேரடி ஒலியை விரும்பினார். ரஸ்ஸல் ஷெர்மனின் குழு, தீயணைப்பு நுரையுடன் சோப்பும் நீரும் கலந்து காற்றழுத்தத்தால் பீய்ச்சும் சத்தமற்ற பனியை உருவாக்கியது. இதற்கு அகாதமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பாலத்தின் மேல் நிற்கும் ஸ்டூவர்ட்டின் முகத்தில் பனிக்கிடையே தெரியும் வியர்வை உண்மையானது.

வெளியீடும் தோல்வியும்

இன்று வியப்பளிக்கும் செய்தி, இப்படம் முதலில் 1947 ஜனவரி வெளியீடாகவே திட்டமிடப்பட்டது என்பது. ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெறவே 1946 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் குளோப் திரையரங்கில் திரையிடப்பட்டது. கிறிஸ்துமஸ் படம் என்ற வணிக வகைமை அப்போது உறுதிப்படவில்லை. சாண்டா கிளாஸைப் பற்றிய 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' (1947) கூட, மக்கள் கோடையில்தான் அதிகம் திரையரங்குக்கு வருகிறார்கள் என்ற கணக்கில் கோடைக்காலத்திலேயே வெளியிடப்பட்டது.

ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றும் அவற்றில் ஒன்றும் விருதாகவில்லை. போர்வீரர்களின் வீடு திரும்பலைச் சொன்ன 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' அவ்வாண்டின் சிறந்த படமானது. முப்பது லட்சம் டாலருக்கு மேல் செலவான காப்ராவின் படம் 5,25,000 டாலர் இழப்பைக் காட்டியது. லிபர்ட்டி ஃபிலிம்ஸ் 1947-ல் பாரமவுண்டுக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டில் எஃப்.பி.ஐ. குறிப்பொன்று, வங்கியாளரை வெறுக்கத்தக்கவராகக் காட்டுவது கம்யூனிஸ்டுகளின் உத்தி என்று இப்படத்தைச் சந்தேகித்தது.

பதிப்புரிமைத் தவறு

1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி முதல் காலம் 28 ஆண்டுகள். அதன் இறுதி ஆண்டில் விண்ணப்பித்தால்தான் நீட்டிப்பு கிடைக்கும். பாரமவுண்டிடமிருந்து கைமாறி, அப்போது படத்தை வைத்திருந்த நேஷனல் டெலிஃபிலிம் அசோசியேட்ஸ் 1974-ல் விண்ணப்பிக்கத் தவறியது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி இதை ஒளிபரப்பத் தொடங்கின. டிசம்பரில் ஒரே ஊரில் ஒரே நாளில் பல அலைவரிசைகளில் ஓடியதுண்டு. ஒளிநாடா வந்ததும் பல நிறுவனங்கள் தேய்ந்த பிரதிகளிலிருந்து மலிவு விலைப் பதிப்புகள் போட்டன.

இந்த எழுத்தர் பிழையே படத்தைப் புகழடையச் செய்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. காப்ராவின் 'மீட் ஜான் டோ' (1941) படமும் உரிமை காலாவதியானதுதான். அதிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஒருவன் சாகத் துணிகிறான். அதை எவரும் ஆண்டுதோறும் குடும்பத்துடன் அமர்ந்து பார்ப்பதில்லை. இலவசம் என்பது பார்வையாளரின் வீட்டுவாசல் வரை படத்தைக் கொண்டு சேர்த்தது. உள்ளே அழைத்தது, கடனிலும் அவமானத்திலும் மாட்டிய ஒரு நடுத்தர வர்க்கத்து மனிதனின் முகம். பண்டிகை நாளில் தன் பிள்ளைகளிடமே எரிந்து விழும் ஸ்டூவர்ட்டின் நடிப்பில் இனிப்பு ஏதுமில்லை.

வண்ணமேற்றல் சர்ச்சை

உரிமையாளர் இல்லாத படத்தை யாரும் மாற்றவும் செய்யலாம். 1986-ல் வண்ணமேற்றிய பதிப்பு வந்தது. காப்ரா முதலில் வண்ணமேற்றும் நிறுவனத்துடன் உடன்பட்டிருந்தார் என்பது பலரும் குறிப்பிடாத தகவல். படம் பொதுச்சொத்து, அவரது அனுமதியே தேவையில்லை என்று தெரிந்ததும் நிறுவனம் அவரை விலக்கியது. பின்னர் அவரும் ஸ்டூவர்ட்டும் அப்பதிப்பைக் கடுமையாக எதிர்த்தனர். வண்ணமேற்றல் குறித்த இத்தகைய விவாதங்களையொட்டி 1988-ல் தேசியத் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி உருவான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1990-ல் இப்படம் சேர்க்கப்பட்டது. காப்ரா 1991-ல் மறைந்தார்.

உரிமை மீட்பு

1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' தொடர்பான ஸ்டூவர்ட் எதிர் அபெண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. மூலக்கதையின் புதுப்பிக்கப்பட்ட உரிமை படத்தின் பயன்பாட்டையும் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். வழக்கில் பெயர் வரும் ஸ்டூவர்ட், அதே ஜேம்ஸ் ஸ்டூவர்ட்தான். தோற்றது அவர் தரப்பு.

நேஷனல் டெலிஃபிலிமின் பெயர் மாறிய வடிவமான ரிபப்ளிக் பிக்சர்ஸ் இதைப் பற்றிக்கொண்டது. ஸ்டெர்னின் கதைக்கு 1971-ல் உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதையும் டிமிட்ரி டியோம்கினின் பின்னணி இசை உரிமையையும் காட்டி, 1993-ல் அனுமதியற்ற ஒளிபரப்புகளை நிறுத்தியது. காட்சிகள் பொதுச்சொத்தாக இருந்தும், கதையும் இசையும் இல்லாமல் அவற்றை ஒளிபரப்ப வழியில்லை. 1994-ல் என்.பி.சி. தனி ஒளிபரப்பு உரிமையைப் பெற்றது. அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே நல்ல பிரதியில் ஒளிபரப்பாகும் படமாக இது ஆனது. ரிபப்ளிக் கைமாறியதன் வழியாகப் படம் இப்போது மீண்டும் பாரமவுண்டிடம் உள்ளது.