ஆளுநருக்கு யார் வாக்களித்தார்கள்? – ஆண்டர்சன் பாலத்தில் ஒரு கேள்வி



தொடக்கநிலை 5 மாணவர்களைச் சிங்கப்பூர் ஆற்றங்கரைக்குக் கற்றல் பயணமாக அழைத்துச் சென்றிருந்தேன். ஆண்டர்சன் பாலத்தின் அருகே நின்று, அது 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது என்றும், அன்றைய ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது என்றும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "ஆசிரியரே, அவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?"

அந்த வாரம்தான் எங்கள் வகுப்பில் மாணவர் தலைவர் தேர்தல் நடந்திருந்தது. எனவே கேள்வி இயல்பாகவே வந்தது. "யாரும் போடவில்லை" என்று கூறிவிட்டு அடுத்த இடத்திற்கு நகர்ந்துவிட்டேன். மழை வரும்போல் இருந்தது; 38 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றவேண்டும். வீடு திரும்பிய பின்னர் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவளுக்கு அன்று கூறியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அதே 1910ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆளுநர் தேர்தல் நடைபெற்றது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய பேராசிரியர் உட்ரோ வில்சன் அதில் வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1912இல், அமெரிக்க அதிபராகவும் தேர்வு பெற்றார். ஆசிரியர் ஒருவர் அந்த உயரத்தை எட்டினார் என்று நாம் பெருமைப்படலாம்தான்; ஆனால் அவருடைய ஆட்சியில் கூட்டரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் பிரித்து வைக்கப்பட்டனர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். நியூஜெர்சிப் பெண்களுக்கு அன்று வாக்கில்லை. இத்தனை குறைகள் இருந்தபோதும், அங்கே ஆளுநராக விரும்பியவர் ஊர் ஊராகச் சென்று மக்கள்முன் நின்று வாக்குக் கேட்டாக வேண்டியிருந்தது.

இங்கோ ஆளுநர் கப்பலில் வந்து இறங்கினார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களுக்கு யார் ஆளுநர் என்பது இலண்டனில் முடிவாயிற்று. அவர் குடியிருந்த மாளிகையே இன்றைய இஸ்தானா. அதைக் கட்டிய கைகள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் கைகள். 1869இல் கட்டி முடிக்கப்பட்ட அம்மாளிகைக்குள் மக்களின் வாக்கு நுழைய ஒரு நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று.

சிங்கப்பூரின் முதல் தேர்தல் 1948 மார்ச் 20ஆம் நாள் நடைபெற்றது. அதுவும் ஆளுநர் பதவிக்கு அன்று. சட்டமன்றத்தின் 6 இடங்களுக்கு மட்டுமே. மேலும் 3 இடங்களை ஐரோப்பியர், சீனர், இந்தியர் வர்த்தக சபைகளே நிரப்பிக்கொண்டன. கடைத்தெரு முதலாளிக்குத் தனி இடம். அவருடைய கடையில் மூட்டை தூக்கியவருக்கு அப்படி ஒன்றுமில்லை.

அத்தேர்தலில் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. வாக்களிக்க விரும்புவோர் தாமே சென்று பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் குடிமக்களாகவும் இருக்க வேண்டும். பதிந்துகொண்டவர்கள் சுமார் 22,000 பேர்தாம். தகுதியிருந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு! மலாயா ஜனநாயக ஒன்றியம் தேர்தலைப் புறக்கணித்திருந்தது. சீனாவில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லர்; பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்தவர்களோ பிரிட்டிஷ் குடிமக்கள். ஆகவே, 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 8 விழுக்காட்டைக்கூட எட்டாத இந்தியர்கள், வாக்காளர் பட்டியலில் கிட்டத்தட்டப் பாதியளவு இடம்பெற்றார்கள். சிராங்கூன் சாலைக்கு அன்றிருந்த வாக்கு வலிமை அதன்பின் என்றும் வாய்க்கவில்லை. வென்ற அறுவரில் எஸ். சி. கோஹோ, என். ஏ. மல்லால் ஆகியோர் இந்தியர்கள். தமிழர் எவரும் அந்த அறுவரில் இல்லை.

என் பாட்டனார் அந்தப் பட்டியலில் இல்லை. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து நகராண்மைக் கழகத்தில் வேலை செய்தவர். தகுதி இருந்தும் பதியவில்லை. "நாளைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு ஓட்டு எதற்கு?" என்று அவர் சொல்லியதாக என் தந்தையார் கூறுவார். அந்த "நாளை" வரவேயில்லை. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிவிடுவதென்று முடிவெடுத்து, பொங்கலுக்குள் அதை மாற்றிக்கொள்வாராம். ஏட்டுக் கல்வியில்லாதவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பெயரைப் பதிவது இங்கேயே தங்கிவிடுவதற்கு ஒப்புதல் அளிப்பதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1955 ஏப்ரல் 2ஆம் நாள் தேர்தலில் 25 இடங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. தகுதியுள்ளோரின் பெயர்கள் தாமாகவே பட்டியலில் சேர்க்கப்பட்டதால் வாக்காளர் தொகை 300,000ஐத் தாண்டியது. தொழிலாளர் முன்னணி 10 இடங்களை வென்று, டேவிட் மார்ஷல் முதல் முதலமைச்சரானார். நம் தேக்காவை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதியின் போட்டியைத்தான் நான் மாணவர்களுக்குக் கூற விரும்புகிறேன். மக்கள் செயல் கட்சி அத்தேர்தலில் நிறுத்திய நால்வரில் மூவர் வென்றனர். தோற்ற ஒருவர் ஃபேரர் பார்க்கில் நின்ற தேவன் நாயர். பள்ளி ஆசிரியர், ஆசிரியர் சங்கத்தில் தீவிரமாக உழைத்தவர், அதற்குமுன் தடுப்புக்காவலில் இருந்து மீண்டவர். தொழிலாளர் முன்னணியின் லாசரஸ் அவரை வென்றார்.

அன்றைய சட்டமன்றத்தின் மொழி ஆங்கிலம் மட்டுமே. சந்து சந்தாகச் சென்று தமிழில் வாக்குக் கேட்கலாம். வென்றபின் அம்மக்களின் குறையை மன்றத்தில் தமிழில் எடுத்துரைக்க இயலாது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் மன்றத்தில் பயன்படுத்தும் உரிமையை 1958ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் வழங்கியது. தமிழ் கற்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்களிடம் நான் இவ்வாண்டைக் குறிப்பிடுவதுண்டு. எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொல்லமாட்டேன்.

அதற்கு முந்திய ஆண்டில், 1957இல், சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. சீனாவில் பிறந்த பெருந்தொகையினரும் வாக்காளராயினர். தமிழர்கள் தயங்காமல் குடியுரிமை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி அயராது வலியுறுத்தினார். என் பாட்டனாரும் ஒருவழியாகப் பதிந்துகொண்டார். அண்டைவீட்டு நண்பர் ஒருவர் கையைப் பிடித்து இழுத்துச் சென்றாராம்.

1959 மே 30ஆம் நாள் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்டது. பாட்டனார் தம் வாழ்வில் முதன்முறையாக வாக்களித்தார். வெள்ளை வேட்டியும் துவைத்த சட்டையும் அணிந்து, கோயிலுக்குப் போவதுபோல் புறப்பட்டாராம். நாடு முழுவதும் மக்கள் செயல் கட்சி 51இல் 43 இடங்களைக் கைப்பற்றிய அத்தேர்தலில், ஃபேரர் பார்க் வேறு வழியில் சென்றது. சுயேச்சையாக நின்ற ஏ. பி. ராஜா அங்கு வென்றார். யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான அவ்வழக்கறிஞர் பின்னர் 1964 முதல் 1966 வரை மன்றத்தின் நாயகராகவும் விளங்கினார்.

1955இல் தோற்ற ஆசிரியர் தேவன் நாயர் 1981இல் அதிபராகி இஸ்தானாவில் குடிபுகுந்தார். ஆயினும் அவரைத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம், மக்கள் அல்லர். மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் அதிபர் தேர்தல் 1993இல் நடந்தது. தமிழரான எஸ். ஆர். நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றியே தேர்வானார். எவரும் வாக்களிக்க நேரவில்லை. 2023 செப்டம்பர் 1ஆம் நாள் மும்முனைப் போட்டியில் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஆண்டர்சன் வாழ்ந்த மாளிகைக்குத் தமிழ் மரபினர் ஒருவரை மக்களின் வாக்குகள் அனுப்பிவைத்தது அதுவே முதன்முறை. அன்று வாக்களித்துவிட்டு வெளியே வந்தபோது பாட்டனாரின் துவைத்த சட்டை நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் வகுப்பில் இவற்றையெல்லாம், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்பச் சுருக்கிக் கூறினேன். ஃபேரர் பார்க் வரைபடத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அதே மாணவி மீண்டும் கையை உயர்த்தினாள்.

"ஆசிரியரே, உங்கள் தாத்தா 1959இல் யாருக்கு ஓட்டுப் போட்டார்? ஜெயித்தவருக்கா?"

"தெரியாது. வாக்குச்சீட்டு இரகசியம் என்று அதிகாரி சொன்னாராம். அதனால் தாத்தா கடைசிவரை பாட்டியிடம்கூடச் சொல்லவில்லை."