தோல் வணிகமும் தாராவிக் குடியேற்றமும்: கோளி மக்களும் தமிழரும்

முன்னுரை

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு ஈராண்டு இடைவெளியில் இரு பட்டயங்களை வழங்கினார். 1668ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் வழங்கிய பட்டயத்தின்வழி, தம் திருமண உடன்படிக்கையால் போர்த்துகீசியரிடமிருந்து பெற்ற மும்பைத் தீவை ஆண்டுக்கு 10 பவுன் பொன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தார். 1670ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் வழங்கிய பட்டயத்தின்வழி, வட அமெரிக்காவின் ஹட்சன் விரிகுடாவில் கலக்கும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதையும் ஹட்சன் விரிகுடாக் கும்பினிக்கு அளித்தார். மன்னர் அந்நிலத்துக்கு வருங்கால் இரண்டு எல்க் மான்களையும் இரண்டு கருநிறப் பீவர்களையும் கும்பினி செலுத்த வேண்டும் என்பதே அதற்கு விதிக்கப்பட்ட வாடகை. இவ்விரு நிலங்களிலும் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்து வந்தனர். இரண்டு பட்டயங்களும் அவர்களைக் கேட்டு எழுதப்பட்டவை அல்ல.

வட அமெரிக்காவில் விலங்குத்தோல் வணிகம் தொல்குடிகளின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பது விரிவாக ஆராயப்பட்ட பொருள். மும்பையிலும் விலங்குத்தோல் ஒரு குடியேற்றத்தை உருவாக்கியது. அக்குடியேற்றம் தாராவி, அதில் முதன்மைப் பங்கு கொண்டோர் தமிழர். தாராவித் தமிழரைப் பற்றிய பேச்சில் உழைப்பும் இடப்பெயர்வும் இடம்பெறும் அளவுக்கு, அவர்களுக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்த கோளி மக்கள் இடம்பெறுவதில்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒருசேர நோக்க இக்கட்டுரை முற்படுகிறது.

கோளி மக்களும் மாகிம் கழியும்

மும்பைத் தீவுகளின் தொல்குடியினர் கோளியர். மீன்பிடித்தலே இவர்தம் தொழில். மும்பை என்னும் பெயரே இவர்கள் வழிபட்ட மும்பாதேவியின் பெயரிலிருந்து தோன்றியது என்பர். 1909இல் வெளிவந்த மும்பை நகர அரசிதழ்த் தொகுப்பு, மும்பையின் ஆறு பெரிய கோளிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. தமிழ் மரபில் நெய்தல் நிலப் பரதவர்க்குக் கடலும் கழியும் எவ்வாறோ, அவ்வாறே கோளியர்க்கு மாகிம் கழியும் மித்தி ஆற்றின் முகத்துவாரமும் அமைந்திருந்தன. கடல்நீர் ஏறி இறங்கும் சதுப்பும், அதில் வளர்ந்த அலையாத்திக் காடும், மீன் குஞ்சு பொரிக்கும் இடமாகவும் வலை உலர்த்தும் இடமாகவும் பயன்பட்டன.

1534இல் போர்த்துகீசியரிடமும், பின்னர் ஆங்கிலேயரிடமும் ஆட்சி மாறியபோது கோளியரின் கழி உடனே பறிக்கப்படவில்லை. தாராவியில் இன்றும் எஞ்சி நிற்கும் ‘காலா கில்லா’ என்னும் சிறு கோட்டை 1737இல் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி கட்டப்பட்டதை அதன் கல்வெட்டு தெரிவிக்கிறது. அக்காலத்தில் தாராவி, கழியைக் காவல்புரியும் எல்லைப்புறமாக மட்டுமே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. தீவுகளுக்கு இடையே அணைச்சாலைகள் எழுந்தன; மாகிமையும் பாந்திராவையும் இணைத்த அணைச்சாலை 1845இல் திறக்கப்பட்டது. 1853இல் தானே வரையிலான இருப்புப்பாதையும், பின்னர் மாகிம் வழியே மற்றோர் இருப்புப்பாதையும் வந்தன. இவற்றால் நீரோட்டம் தடைப்பட்டு, கழி படிப்படியாகத் தூர்ந்தது. எனவே, கோளியர் தம் நீரை இழந்தமைக்குத் தோல் பதனிடுவோர் முதற்காரணர் அல்லர் என்பது தெளிவு. ஆயினும் நகரம் வெட்டிய காயத்தில் தோல் வணிகம் தன் கழிவைக் கொட்டியது.

தமிழகத்தில் தோல் வணிகம்

தோல் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலில், கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் ஊசி செல்லும் விரைவு போரின் விரைவுக்கு உவமையாகிறது. அத்தொழிலாளி இழிந்த பெயரால் சுட்டப்படுவதும் அங்கேயே காணப்படுகிறது. தொழிலின் திறன் போற்றப்படுதலும் தொழிலாளி தாழ்த்தப்படுதலும் ஒரே பாடலில் நிகழ்வது எண்ணத்தக்கது.

ஊர்ப்புறங்களில் இறந்த கால்நடையை அகற்றும் கடமை தோல் தொழிலாளர் சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக அதன் தோல் அவர்க்கு உரியதாக இருந்தது. அத்தோலால் செருப்பும் கமலைச் சாலும் செய்து கொடுத்துத் தானியம் பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் சந்தையில் சென்னை மாகாணத் தோலுக்குத் தேவை பெருகியது. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்ட தோல் கப்பல் ஏறியது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் பதனிடும் தொழில் வளர்ந்தது. முசுலிம் வணிகர் இதில் முன்னின்றனர். தோலுக்கு விலை ஏறியதும் கால்நடைக்கு உரியவர் அதனைத் தரகரிடம் விற்கத் தலைப்பட்டார். தொழிலாளியின் மரபுரிமை தளர்ந்தது. இழிவு மட்டும் அவரிடமே தங்கியது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் கால்நடைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மனிதர் பட்டினியால் வாடிய அக்காலத்தில் தோல் ஏற்றுமதி உயர்ந்தது என்பது அவ்வணிகத்தின் இயல்பைக் காட்டும்.

பஞ்சமும் சாதிக் கொடுமையும் மக்களை ஊரைவிட்டுப் பெயர்த்தன. சென்னை, மும்பை ஆகிய இரு நகரங்களின் இருப்புப்பாதைகள் 1871இல் ராய்ச்சூரில் இணைந்திருந்தன. திருநெல்வேலிக்கு 1876இல் இரயில் வந்தது. இவ்வழிகள் பலரை மும்பைக்குக் கொண்டு சேர்த்தன.

தாராவியில் பதனிடுசாலைகள்

தோல் பதனிடுதலுக்கு மூன்று வசதிகள் இன்றியமையாதவை: அருகில் அறுப்புக்கூடம், மிகுதியான நீர், கழிவை விடத் தாழ்நிலம். பாந்திராவில் அறுப்புக்கூடம் இருந்தது. அதற்கு எதிர்க்கரையில், நகரத் தீவின் வடக்கு விளிம்பில் தாராவி இருந்தது. நாற்றம் மிக்க தொழில்களை நகரத்தின் நடுவே வைக்க ஆட்சியாளர் விரும்பவில்லை. இக்காரணங்களால் தாராவி தோல் தொழிலின் இருப்பிடமாயிற்று. அங்கு முதல் பதனிடுசாலை 1887 அளவில் தோன்றியதாகக் கொள்வர். தாராவியின் பழைய மசூதியாகிய ‘படீ மசூதி’யின் தொடக்கமும் அதே ஆண்டாகவே சுட்டப்படுகிறது. தமிழ் முசுலிம்கள் இத்தொழிலை நிறுவினர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஆதிதிராவிடர் பலர் சாலைகளில் கூலிகளாயினர். கொங்கணப் பகுதியிலிருந்து சர்மகார் என்னும் காலணித் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர்.

அவ்வேலையின் கடுமையை எளிதில் ஊகிக்கலாம். உப்பிட்டு வந்த பச்சைத்தோலை நனைத்து, சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரையும் சதையையும் கத்தியால் வழித்து, பட்டைச்சாறு நிறைந்த தொட்டிகளில் பல நாள் மாற்றி மாற்றி இட்டு எடுத்தல் வேண்டும். சுண்ணாம்பு கையையும் காலையும் அரிக்கும். இதனைச் செய்ய மற்றவர் முன்வராத காரணத்தாலேயே ஆதிதிராவிடர்க்கு இங்குக் கூலி கிடைத்தது.

எனினும் கூலி பணமாகக் கிடைத்தது. பொதுக்கிணறும் தெருவும் மறுக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தோர், தாராவியில் தமக்கென இடம் அமைத்தனர். 1913இல் பிள்ளையார் கோயில் எழுந்தது. 1924இல் தமிழ்ப்பள்ளி தொடங்கப்பட்டது. தென்னையோலை, குப்பை, மண், செங்கற்கழிவு ஆகியவற்றைச் சதுப்பில் கொட்டி மேடாக்கி அதன்மேல் குடிசை கட்டினர். நிலம் இல்லாதவர் நிலத்தைத் தம் கையால் ஆக்கிய நிகழ்ச்சி இது. தாராவித் தமிழரின் பெருமிதத்துக்கு இதுவே அடிப்படை.

மாட்டுங்காவும் செம்பூரும்

மும்பைத் தமிழர் அனைவரும் இவ்வழி வந்தவர் அல்லர். 1896இல் பிளேக் நோய் பரவிய பின், 1898இல் மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது தாதர், மாட்டுங்கா பகுதிகளில் திட்டமிட்ட மனைகளை வகுத்தது. அங்கு ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழர், பெரும்பாலும் பிராமணர், எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் அங்குத் தோன்றியது. மத்திய இருப்புப்பாதையின் ஒருபுறம் அகன்ற தெருக்களும் கோயில்களும், மறுபுறம் தொழிலாளர் முகாமும் பதனிடுசாலைகளும் அமைந்தன. ஒரே மொழி பேசுவோரை ஊரில் பிரித்த எல்லை இங்கும் தொடர்ந்தது.

பிற்காலத்தில் நடுத்தர வகுப்புத் தமிழர் செம்பூருக்கும் பரவினர். 1971இல் அறுப்புக்கூடம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாற்றப்பட்டது. 1950இல் புறநகர்ப் பகுதிகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபின் தாராவி விளிம்பில் இல்லை. நகரத்தின் நடுவே வந்துவிட்டது. நாற்றம் மீண்டும் சிக்கலாயிற்று. 1980களிலிருந்து பதனிடுசாலைகள் வெளியேற்றப்பட்டன. தாராவியில் பதனிடுதல் குறைந்து, பை, இடைவார், பணப்பை முதலியன செய்யும் தொழில் மிஞ்சியது. 2015இல் மகாராட்டிரத்தில் காளை, எருது அறுத்தலுக்கு விதிக்கப்பட்ட தடை அத்தொழிலையும் நெருக்கியது.

ஒப்புமையும் வேறுபாடும்

வட அமெரிக்காவில் பீவரின் மென்மயிர் ஐரோப்பியரின் தொப்பிக்கு வேண்டப்பட்டது. அதனை வேட்டையாடித் தந்தோர் கிரீ முதலிய தொல்குடியினரே. துப்பாக்கி, செம்புப் பானை, கம்பளி ஆகியவற்றுக்கு ஈடாக அவர்கள் தோலைக் கொடுத்தனர். வணிகம் நடந்த காலம் வரை அவர்கள் இன்றியமையாதவராக இருந்தனர். கூடவே அம்மை போன்ற கொள்ளைநோய்களும் வந்தன. பட்டுத் தொப்பி வழக்கிற்கு வந்ததும் பீவரின் மதிப்பு சரிந்தது. 1870இல் கும்பினியின் நிலம் 3,00,000 பவுனுக்குக் கனடாவிடம் சேர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஒப்பந்தங்களின்வழித் தொல்குடியினர் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் அடக்கப்பட்டனர்.

தாராவியில் நிகழ்ந்தது இதனின் வேறானது. தோல் வணிகத்துக்குக் கோளியர் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டது அவர்களின் கழிக்கரை மட்டுமே. விலை பேசவோ மறுக்கவோ அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. பதனிடுசாலையின் கழிவும் பின்னர் வந்த பிற ஆலைகளின் கழிவும் கலந்த நீரில் மீன் அருகியது. குடியேறியவரும் ஆளும் இனத்தவர் அல்லர். தம் ஊரில் நிலமும் உரிமையும் இழந்து வந்தவர். ஆகவே கனடாவின் வரலாற்றைப்போல் இங்குக் கொடுத்தோர், கொண்டோர் என இருபாலாகப் பிரித்தல் இயலாது. ஓர் எளியவரின் மேடு மற்றோர் எளியவரின் நீர்நிலையாக இருந்தது.

இதனை மறப்பதால் விளையும் தீங்கு இருவகைப்பட்டது. 1966இல் தோன்றிய சிவசேனை, ‘மண்ணின் மைந்தர்’ என்னும் முழக்கத்தோடு தென்னிந்தியரை எதிர்த்தபோது, தமிழர் தம் உழைப்பைச் சான்றாகக் காட்டினர். அம்மண்ணின் முதற்குடியாகிய கோளியரின் நலிவு இருசாராரின் பேச்சிலும் பின்தள்ளப்பட்டது. 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு கரை கடந்தபோது, தூர்க்கப்பட்ட சதுப்பின் விலையைத் தாழ்நிலத்தில் வாழ்ந்த அனைவரும் செலுத்தினர்.

முடிவுரை

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தை 2022இல் அதானி குழுமம் வென்றது. 2000ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாளுக்கு முன் குடியிருந்தமைக்குச் சான்று காட்டுதல் அங்கேயே வீடு பெறுவதற்கான தகுதியாக வைக்கப்பட்டது. தம் கோளிவாடா குடிசைப்பகுதி அன்று, தொன்மையான ஊர் என்று கூறிக் கோளியர் விலக்குக் கோரினர். மூன்று தலைமுறையாக வாழும் தமிழர் தாள்களைத் தேடினர். இரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கழியை அறிந்தவரின் உரிமை தொன்மையால் வருவது. மேட்டை ஆக்கியவரின் உரிமை உழைப்பால் வருவது. ஆனால், பட்டயமும் சான்றிதழும் மட்டுமே உரிமை என்னும் நோக்கில் இரண்டுமே எளிதில் தள்ளுபடியாகும்.

புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றை எழுதுவோர், தமிழர் சென்று சேர்ந்த நிலத்தில் முன்பே இருந்தவர் யாவர் என்னும் வினாவையும் எழுப்புதல் வேண்டும். மலேசியக் காடுகளுக்கும் இலங்கை மலைகளுக்கும் இவ்வினா பொருந்தும். தாராவியைப் பொறுத்தவரை அவ்வினாவின் விடை தொலைவில் இல்லை. கோளிவாடாவின் தெருக்களில் இன்னும் வாழ்ந்து வருகிறது. அவர்தம் நினைவுகளையும் தொழிற்சொற்களையும் தமிழ்க் குடியேற்றத்தின் வாய்மொழி வரலாற்றோடு சேர்த்துத் திரட்டுவது, மறுசீரமைப்பு இவ்விரு குடிகளையும் இடம்பெயர்க்கும் முன் செய்யத்தக்க ஆய்வுப்பணியாகும்.