பதிவுகளை இணைத்த பெயர்கள்

ஒரு தொழிற்சாலையின் ஊழியர் ஏட்டிலே ஒருவரின் பெயரும், அவர் பணிபுரியும் பகுதியின் இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். அப்பகுதி எந்த ஊரில் உள்ளது என்பதோ வேறோர் ஏட்டில் இருக்கும். எழுதுவினைஞர் இலக்கத்தைப் பார்த்து, மற்றைய ஏட்டைப் புரட்டி, ஊரைச் சொல்லிவிடுவார். நாளை ஊருக்குப் பதிலாகத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டாலும் அவர் திகைப்பதில்லை. மனிதருக்கு எளிதான இக்காரியம் கணினிக்குக் கைவர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சாள்ஸ் பாக்மன், தொடர்புடைய பதிவுகளைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் முறையொன்றை வகுத்தார். ஒவ்வொரு பதிவினுள்ளும் அடுத்த பதிவு இருக்கும் இடத்தின் முகவரி பொதிந்திருக்கும். அப்பலோ திட்டத்தின் எண்ணிறந்த உதிரிப்பாகங்களைக் கணக்கில் வைக்க உருவான ஐ.எம்.எஸ். என்னும் அமைப்போ மரமும் கிளையும் போன்ற ஒழுங்கைக் கைக்கொண்டது. இரண்டும் விரைவானவை. ஆனால் எவ்வழியே செல்வது, சென்றடைந்த பதிவில் எந்தப் புலத்தைப் படிப்பது என்பவற்றையெல்லாம் நிரலர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். 1973ஆம் ஆண்டு டியூரிங் விருது பெற்ற பாக்மன், தமது உரையில் நிரலரை வழியறிந்து கலஞ்செலுத்தும் மாலுமிக்கு ஒப்பிட்டார். உவமை அழகியதே. எனினும் கரையின் அமைப்பு மாறினால் மாலுமிகள் அனைவரும் வரைபடத்தைத் திருத்த வேண்டுமல்லவா? ஏட்டின் ஒழுங்கு மாறியபோது பழைய நிரல்கள் பழுதுபட்டன.

இக்குறையை நீக்க முனைந்தவர் எட்கர் கொட். இங்கிலாந்தில் 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் வானூர்தி ஓட்டிய கணிதவறிஞர் அவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திலிருந்து 1970 யூனில் அவர் வெளியிட்ட கட்டுரை, முகவரிகளை அகற்றிவிடுமாறு கூறியது. இரு அட்டவணைகளிலும் ஒரே இலக்கம் காணப்படுமாயின் அதுவே தொடர்பு. வேறு சங்கிலி வேண்டியதில்லை. ஐ.எம்.எஸ்ஸால் வருவாய் ஈட்டிய நிறுவனம் இக்கொள்கையை உடனே தழுவிக்கொள்ளாதது வியப்பன்று.

1970களில் அதே ஆய்வுகூடத்தில் உருவான சிஸ்டம் ஆர் என்னும் சோதனை அமைப்பு மேலும் ஒருபடி சென்றது. எந்த அட்டவணையில் எந்தெந்தப் புலங்கள் உள்ளன என்ற விவரமும் அட்டவணைகளாகவே அங்கு வைக்கப்பட்டது. ஆகவே, தரவைக் கேட்பது போலவே புலங்களின் பெயர்களையும் நிரல் கேட்டறியலாம். இயங்கும் வேளையில் கிடைத்த பெயரைக் கொண்டு புதிய வினாவை ஆயத்தஞ் செய்து நிறைவேற்றலாம். நிரலை எழுதியவர் கேள்விப்படாத புலத்தையும் அது படித்துச் சொல்லும். எழுதுவினைஞரின் இயல்பு அன்றுதான் கணினிக்கு வாய்த்தது எனலாம். இந்த விவரப்பட்டியலின் அவசியத்தைக் கொட் 1985இல் வெளியிட்ட தமது விதிகளுள் நான்காவதாக வைத்தார்.

இச்சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு. முன்கூட்டியே எழுதப்பட்ட பெயர் பிழையாயின், நிரலை ஆயத்தஞ் செய்யும்போதே அதனைக் கண்டுகொள்ள இயலும். இயங்கும்போது வரும் பெயரின் பிழை இயங்கும்போதே வெளிப்படும். எஸ்.கியூ.எல். மொழியில் பெறுமானத்துக்கு இடம் விட்டுவைத்துப் பின்னர் நிரப்பலாம். புலத்தின் பெயருக்கு அவ்வாறு இடம் விட முடியாது. பெயரை வினாவின் வாசகத்தோடு ஒட்டியே ஆகவேண்டும். அவ்வழியே தீயவர் வேறு கட்டளையையும் நுழைத்துவிடக்கூடும். எனவே விழிப்புள்ள நிரலர், வந்த பெயர் விவரப்பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்த்து, இல்லாததைத் தள்ளிவிட்டே பதிவைத் திறக்கின்றார்.