என்ஜின் மாற்றமும் சுழற்சிமானியும்: எம்.ஜி.பி. காரின் எடுத்துக்காட்டு

சுழற்சிமானி (டேக்கோமீட்டர்) என்பது ஒரு தண்டு நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் கருவி. வேகம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதன் பெயர் வந்தது. கார்களில் இது கிராங்க் தண்டின் சுழற்சியைக் காட்டுகிறது. முகப்பிலுள்ள சிவப்புக் கோடு, அதற்கு மேல் என்ஜினைச் சுழற்றக் கூடாது என்ற எல்லை. ஒரு காரில் வேறு என்ஜினைப் பொருத்தும்போது முள் காட்டும் எண், சிவப்புக் கோடு இரண்டுமே பிழையாகிவிடலாம். பிரிட்டனின் எம்.ஜி.பி. காரில் எட்டு சிலிண்டர் என்ஜின் பொருத்தப்பட்ட வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கேபிளிலிருந்து மின்துடிப்புக்கு

ஜெர்மானியப் பொறியாளர் டீட்ரிச் உல்ஹார்ன் 1817-ல் இயந்திரங்களின் வேகத்தை அளக்கச் சுழற்சிமானி ஒன்றை உருவாக்கினார். பிற்காலத்தில் கார்களில் இடம்பெற்ற சுழற்சிமானிகள், என்ஜினிலிருந்து வரும் சுழலும் கேபிளால் இயங்கின. 1960-களில் டிரான்சிஸ்டர் பரவியபோது மின்னணுச் சுழற்சிமானிகள் வந்தன. இவை சுழற்சியை நேரடியாக எண்ணுவதில்லை. இக்னிஷன் காயிலில் எழும் மின்துடிப்புகளை உணர்ந்து, அவற்றைச் சுழற்சியாக மாற்றிக் காட்டுகின்றன.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு தீப்பொறி தேவை. எனவே ஒரு சுற்றுக்கு நான்கு சிலிண்டர் என்ஜினில் 2, ஆறு சிலிண்டரில் 3, எட்டு சிலிண்டரில் 4 துடிப்புகள் எழும். கருவி எத்தனை சிலிண்டருக்காக அமைக்கப்பட்டதோ அத்தனை சிலிண்டர் என்ஜினில் மட்டுமே சரியாகக் காட்டும்.

எம்.ஜி.பி. காரில் எட்டு சிலிண்டர்

1962-ல் அறிமுகமான எம்.ஜி.பி. காரில் 1798 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ அதை எடுத்துவிட்டு, ரோவர் நிறுவனத்தின் 3528 சி.சி. எட்டு சிலிண்டர் அலுமினிய என்ஜினைப் பொருத்தி விற்றார். இந்த என்ஜின் அமெரிக்காவின் பியூக் கார்களில் 1961-ல் வந்தது. 1965-ல் ரோவர் அதன் உரிமையைப் பெற்றது. 1973 முதல் 1976 வரை தொழிற்சாலையே எம்.ஜி.பி. ஜி.டி. வி8 என்ற பெயரில் 2591 கார்களைத் தயாரித்தது. பின்னர் தனி உரிமையாளர்கள் பலரும் இதே மாற்றத்தைச் செய்தனர்.

பழைய நான்கு சிலிண்டர் சுழற்சிமானியை அப்படியே விட்டால், அது இருமடங்கு காட்டும்: என்ஜின் 3000-ல் சுழலும்போது முள் 6000-ல் நிற்கும். இந்தப் பிழை உடனே கண்ணில் படும் என்பதால் என்ஜினுக்குத் தீங்கு குறைவு. நேர்மாறான பிழையே ஆபத்தானது. எட்டு சிலிண்டருக்கான கருவியை நான்கு சிலிண்டர் என்ஜினில் இணைத்தால், என்ஜின் 6000-ஐத் தொடும்போதும் முள் 3000-ஐயே காட்டும்.

சிவப்புக் கோட்டை எது தீர்மானிக்கிறது?

பிஸ்டன், இணைப்புத் தண்டு ஆகியவற்றின் மீதான நிலைம விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்கிறது. சுழற்சி 5000-லிருந்து 6000-ஆகும்போது விசை 44 சதவீதம் கூடுகிறது. பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் நீளமாக இருந்தால் அதன் வேகமும் அதிகம். எம்.ஜி.பி.யின் நான்கு சிலிண்டர் என்ஜினில் இத்தூரம் 88.9 மி.மீ.; ரோவர் என்ஜினில் 71.1 மி.மீ. சுழற்சி 6000-ல் இருக்கும்போது சராசரி பிஸ்டன் வேகம் முறையே நொடிக்கு 17.8 மீட்டரும் 14.2 மீட்டரும் ஆகும்.

இதை மட்டும் பார்த்தால் ரோவர் என்ஜினை இன்னும் வேகமாகச் சுழற்றலாம் என்று தோன்றும். ஆனால் அதன் வால்வுகளை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் இயக்குகின்றன. அளவுக்கு மீறிய வேகத்தில் வால்வு ஸ்பிரிங் பின்தங்கும். டேப்பெட் எண்ணெயால் அந்த இடைவெளியை நிரப்பி, வால்வை முழுமையாக மூடவிடாமல் தடுக்கும். தொழிற்சாலை வி8 காரின் உச்சத் திறனான 137 குதிரைத்திறன் 5000 சுழற்சியிலேயே கிடைத்தது. ஆகவே என்ஜினின் எல்லையை அதன் மிகப் பலவீனமான பகுதியே தீர்மானிக்கிறது. பழைய முகப்பிலுள்ள கோடு புதிய என்ஜினுக்குப் பொருந்தாது. புதிய என்ஜினின் தயாரிப்பாளர் தந்த எல்லையையே குறிக்க வேண்டும்.

சரிபார்த்தல்

கிராங்க் புல்லியில் ஒளி எதிரொலிக்கும் பட்டையை ஒட்டி, கையடக்க ஒளிச் சுழற்சிமானியால் உண்மையான வேகத்தை அளக்கலாம். கணினிக் கட்டுப்பாடுள்ள என்ஜின்களில் கிராங்க் சென்சார் தரும் எண்ணோடு ஒப்பிடலாம். பிழை எல்லா வேகத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், ஐட்லிங், 2000, 4000 எனப் பல நிலைகளில் ஒப்பிடுவது அவசியம். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லாததால், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து துடிப்பு எடுக்கப்படுகிறது. அங்கே புல்லியின் அளவு மாறினால் கணக்கும் மாறும்.

நவீன என்ஜின்களில் எல்லையைத் தாண்டினால் கணினி எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்திவிடும். ஆனால் அதிவேகத்தில் தவறுதலாகக் கீழ் கியருக்கு மாற்றினால் சக்கரங்களே என்ஜினைச் சுழற்றும்; அப்போது இந்தத் தடுப்பு பயன்படாது. எந்த வேகத்தில் எந்தக் கியர் பாதுகாப்பானது என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே அறிந்திருக்க, சரியாகக் காட்டும் சுழற்சிமானி தேவை.