லுக் அவுட் நோட்டீஸும் ரெட் கார்னர் நோட்டீஸும்: சின்ன வழக்குக்குப் பெரிய வலை

வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் தோல் தொழில் கடனில்தான் ஓடுகிறது. தோலுக்கும் கெமிக்கலுக்கும் பின்தேதி போட்டு செக் கொடுப்பார்கள். வெளிநாட்டு ஆர்டருக்கான பணம் பிந்தினால் அந்த செக் திரும்பும். இந்தத் தொழில் செய்யும் குடும்பத்தில் ஒருவர் துபாயிலோ ஜெர்மனியிலோ இருப்பார். அதனால் இந்தப் பகுதியில் கொடுக்கல் வாங்கல் தகராறும் குடும்பத் தகராறும் சீக்கிரமே பாஸ்போர்ட் பிரச்சினையாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் லுக் அவுட், ரெட் கார்னர் என்ற இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில் அடிபடும். இரண்டும் ஒன்றல்ல. எதிர்த்துப் போராடும் இடமும் ஒன்றல்ல.

லுக் அவுட் நம் நாட்டுக்குள் நடக்கும் விஷயம். மாவட்ட எஸ்.பி. மட்டத்து அதிகாரி கேட்டால், குடியேற்றத் துறை எல்லா விமான நிலையக் கணினிகளிலும் பெயரை ஏற்றிவிடும். பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்த அதிகாரி “கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்” என்று சொல்லும்போதுதான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவரும். இதற்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றவில்லை. உள்துறை அமைச்சகத்தின் சுற்றறிக்கைகளை வைத்தே நடக்கிறது. 2010 சுற்றறிக்கையில் ஓராண்டுக் கெடு இருந்தது. 2021 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். கேட்ட அதிகாரியே நீக்கச் சொல்லும்வரை பெயர் கணினியில் இருக்கும்.

ரெட் கார்னர், பிரான்சின் லியோன் நகரில் உள்ள இன்டர்போல் தலைமையகம் 196 உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் அறிவிப்பு. அது கைது வாரண்ட் இல்லை. அதை எவ்வளவு மதிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்யும். இந்தியாவிலிருந்து இந்தக் கோரிக்கை சி.பி.ஐ. வழியாகப் போகிறது. 2025 ஜனவரியில் ‘பாரத்போல்’ இணையதளம் வந்தபிறகு மாநிலக் காவல்துறையினர் கோரிக்கை அனுப்புவது இன்னும் சுலபமாகிவிட்டது. சுலபமாகும்போது சின்ன வழக்குகளும் சேர்ந்து போகும் என்பதே என் கவலை.

செக் வழக்கையே எடுத்துக்கொள்வோம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. தேடப்படும் ஒருவருக்கு ரெட் கார்னர் கொடுக்க, அந்தக் குற்றத்தின் அதிகபட்சத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும் என்கிறது இன்டர்போல். வெறும் எண்ணைப் பார்த்தால் செக் வழக்கு உள்ளே நுழைந்துவிடும். ஆனால் அதே விதி, எண் 83, தனியார் தகராறிலிருந்து கிளம்பிய குற்றத்துக்கும், குடும்ப விவகாரத்துக்கும், நிர்வாக விதிமீறலுக்கும் ரெட் கார்னர் கூடாது என்கிறது. தனியார் தகராறிலும் நிர்வாக விதிமீறலிலும், பெரிய குற்றத்தோடோ குற்றக் கும்பலோடோ தொடர்பு இருந்தால்தான் விலக்கு. லுக் அவுட்டிலும் ஒரு தடுப்பு உண்டு. போலீஸ் தானே கைது செய்ய முடியாத குற்றமானால் ஆளை நிறுத்தக் கூடாது. வந்தார், போனார் என்று தகவல் மட்டும் சொல்லலாம். 138 அந்த வகைதான்.

மனைவியைக் கொடுமைப்படுத்திய வழக்கில் நிலைமை வேறு. அதற்கு 3 ஆண்டு வரை தண்டனை. போலீஸ் நேரடியாகக் கைது செய்யலாம். அந்தப் பெண்ணின் புகார் சிறியது என்று நான் சொல்லவே மாட்டேன். கேள்வி கருவியைப் பற்றியது. கனடாவில் இருந்த ஒருவர்மேல் இப்படிப்பட்ட வழக்கில் லுக் அவுட், ரெட் கார்னர் இரண்டுமே போடப்பட்டன. 2010 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டும் செல்லாது என்றது. வேண்டுமென்றே கைதுக்குத் தப்புகிறவர், பிடிவாரண்ட் போட்டும் விசாரணைக்கு வராதவர் ஆகியோருக்குத்தான் லுக் அவுட் என்று வரையறுத்தது. அதைவிட முக்கியமாக, வழக்கு நடக்கும் கீழ் நீதிமன்றமே அதை ரத்து செய்யலாம் என்றது. அப்படிப் பார்த்தால் வாலாஜாவில் வழக்கு என்றால் வாலாஜாவிலேயே மனு போட வழி இருக்கிறது. 2018இல் கார்த்தி சிதம்பரம்மீது இருந்த லுக் அவுட்டைச் சென்னை உயர் நீதிமன்றமும் ரத்து செய்தது. இங்கே வக்கீல் எழுந்து நின்று பேசலாம், நீதிபதி அதிகாரியைக் கேள்வி கேட்கலாம், தீர்ப்பு எல்லோர் கண்ணிலும் படும்.

லியோனில் அது கிடையாது. இன்டர்போலின் கோப்புகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு எழுத்தில்தான் மனு போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. கையெழுத்திட்ட கடிதம், அடையாள ஆவண நகல், வழக்கு ஆவணங்கள் போதும். ஆனால் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு ஆகிய நான்கில் ஒன்றில் எழுத வேண்டும். நம் ஸ்டேஷனில் தமிழில் எழுதிய எஃப்.ஐ.ஆரை வரி வரியாக மொழிபெயர்த்துக் கொடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. மனு ஏற்கப்பட்டபின், நீக்கக் கோரிக்கைக்கு முடிவு சொல்ல 9 மாதம் கெடு. முடிவு இன்டர்போலைக் கட்டுப்படுத்தும். ஆனால் உள்ளூர் பிடிவாரண்ட் அப்படியே இருக்கும்.

என் கணிப்பில், சின்னக் குற்றங்களை வடிகட்டுவதில் இன்டர்போல் விதி தெளிவானது. எதிர்த்துப் பேச இடம் தருவதில் நம் நீதிமன்றம் சிறந்தது. தனியார் தகராறு, குடும்ப விவகாரம் பற்றிய அந்தத் தடையை உள்துறை அமைச்சகம் தன் சுற்றறிக்கையிலும் எழுத வேண்டும். பெயர் ஏற்றப்பட்டவருக்கு ஒரு நகலாவது கொடுக்க வேண்டும்.

துபாயில் செக் திரும்பி ஊர் வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் பணம் இல்லாததற்காக மட்டும் கிரிமினல் வழக்குப் போடுவதை ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி 2 முதல் நிறுத்திவிட்டது. மோசடி என்றால் இன்றும் குற்றம்தான். பழைய வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளூரில் சம்மன் வந்திருந்தால் ஆஜராகுங்கள். ஒளிந்தார் என்ற ஒரு வரி பதிவாகிவிட்டால், இரண்டு இடத்திலும் உங்கள் மனு பலவீனமாகிவிடும்.